இரும்புக்கு ஈரம், கல்லுக்குத் திடீர்ச் சூடு: தோசைக்கல், கல்சட்டி, மண்சட்டி, ஈயச்சொம்பு வாங்கிப் பழக்கும் முறை

புதிதாக வாங்கிய இரும்புத் தோசைக்கல் பல வீடுகளில் இரண்டாவது வாரமே பரணுக்குப் போய்விடுகிறது. முதல் தோசை பிய்ந்து வரும். இரண்டாவதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், கழுவிக் கவிழ்த்த கல்லில் செங்கல் நிறத்தில் துரு பூத்திருக்கும். அதோடு நான்ஸ்டிக் தவா மறுபடி அடுப்பேறிவிடும். கல்சட்டியின் கதையும் ஏறக்குறைய இதுதான். வாங்கிய வாரத்திலேயே விரிசல் விட்டு, மொட்டை மாடியில் செடி வைக்கப் போய்விடுகிறது.

எவர்சில்வர் எதையும் தாங்கும். போட்டுத் தேய்க்கலாம், ஊற வைக்கலாம், மறந்தும் போகலாம். இந்தச் சாமான்கள் அப்படியல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பயம் உண்டு. இரும்புக்கு ஈரம், கல்லுக்குத் திடீர்ச் சூடு, மண்ணுக்குச் சோப்பு, ஈயத்துக்கு வெறும் அடுப்பு. எதற்கு எது ஆகாது என்று பிடிபட்டுவிட்டால், மற்றப் பராமரிப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இரும்பு: எதைப் பார்த்து வாங்குவது

கடையில் ‘இரும்புக்கல்’ என்று கேட்டால் இரண்டு வகை கொடுப்பார்கள். ஒன்று வார்ப்பு இரும்பு. உருக்கி மணல் அச்சில் ஊற்றி எடுத்தது, கனமானது, மேலே சொரசொரப்பாக இருக்கும். இதில் கரிமம் 2 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் கடினமாக இருக்கும், அதனாலேயே கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். இன்னொன்று தட்டு இரும்பு. தகட்டை வெட்டித் தட்டிச் செய்தது. இது வளையும், நெளியும், உடையாது. சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். சப்பாத்திக்கும் அவசர வதக்கலுக்கும் தட்டு இரும்பு போதும். தோசைக்கும் அடைக்கும் வார்ப்பு இரும்புதான். பிடித்த சூட்டை அது விடாது, அடுத்தடுத்து மாவு ஊற்றினாலும் சோர்ந்து போகாது.

எடையை வைத்தே தடிமனைக் கண்டுபிடிக்கலாம். 12 அங்குல வார்ப்புக் கல் 5 மி.மீ. தடிமனில் இருந்தால் கைப்பிடி தவிர்த்து இரண்டரை கிலோ வரும். 4 மி.மீ. என்றால் 2 கிலோ. அதற்கும் கீழே போனால் வேண்டாம், நடுவில் கருகி ஓரத்தில் வேகாத தோசைதான் கிடைக்கும். நாலு கிலோ, அஞ்சு கிலோ கல்லும் வீட்டுக்கு ஆகாது. சின்ன பர்னரில் அது முழுக்கச் சூடேறவே கால் மணி நேரம் பிடிக்கும், தினமும் தூக்கிக் கழுவ மணிக்கட்டும் ஒத்துழைக்காது.

கடையிலேயே செய்து பார்க்க நான்கு சோதனைகள் இருக்கின்றன. கல்லைக் கைப்பிடியில் தொங்கவிட்டு ஒரு நாணயத்தால் தட்டுங்கள். ஓசை நீண்டு ஒலித்தால் நல்லது. ‘சொத்’தென்று அடங்கினால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. அடுத்து, தட்டையான கண்ணாடி மேசையில் வைத்து ஓரத்தை அமுக்குங்கள், ஆடக் கூடாது. இன்டக்‌ஷன் அடுப்பில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். மேற்பரப்பை விரலால் தடவினால் மெல்லிய ரவை போலத் தட்டுப்படலாம். ஆனால் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் மாவு அதில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கடைசியாக, வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் துடையுங்கள். சாம்பல் நிறம் வந்தால் அது இரும்புத்தூள், கவலையில்லை. பெயின்ட் வாசத்தோடு அடர்ந்த கறுப்பு வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நடு லேசாகக் குழிந்த கல்லா, முழுத் தட்டைக் கல்லா என்று கேட்பவர்கள் உண்டு. காஸ் அடுப்புக்கு லேசான குழிவு நல்லது, எண்ணெய் ஓரத்துக்கு ஓடாது. கிண்ணம் மாதிரி குழிந்திருந்தால் நடுவில் மாவு தேங்கி ஊத்தப்பமாகிவிடும்.

‘பழக்கிய கல்’ என்று விற்பதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு பூச்சோடு வருவதுதான். வீட்டில் இன்னும் இரண்டு முறை எண்ணெய் காட்டியே ஆக வேண்டும்.

பழக்குவது என்றால் என்ன நடக்கிறது

எண்ணெயை மிக மெல்லிசாகப் பூசிப் புகையும் சூட்டுக்குக் கொண்டு போனால், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டிப்படும். மரத்துக்கு வார்னிஷ் அடிப்பதைப் போன்ற வேலைதான். அந்தக் கெட்டிப் படலம்தான் இரும்பை ஈரத்திலிருந்து காக்கிறது, தோசையையும் ஒட்டவிடாமல் செய்கிறது.

எல்லா எண்ணெயும் இப்படிக் கெட்டிப்படாது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் நன்றாகப் படலம் கட்டும். தேங்காய் எண்ணெய் கட்டாது. அதில் 90 சதவீதம் நிறைகொழுப்பு, எவ்வளவு காய்ச்சினாலும் பிசுக்காகத்தான் நிற்கும். விளக்கெண்ணெயும் அப்படியே, இரும்பைத் துருவிலிருந்து காக்கத் தடவி வைக்கலாமே தவிரப் பழக்க உதவாது. ஆளிவிதை எண்ணெயைப் பற்றி இணையத்தில் நிறையப் புகழ்ச்சி உண்டு. பார்வைக்கு அழகான கறுப்புப் படலம் வரும், சில மாதத்தில் செதில் செதிலாக உரியும். வீட்டில் இருக்கும் நல்லெண்ணெயே போதும்.

முதல் நாள் மாலை: கல்லை வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டு, கம்பி நாரால் நன்றாகத் தேயுங்கள். தொழிற்சாலையில் தடவிய மெஷின் எண்ணெய் போக வேண்டும், அதனால் இந்த ஒரு முறை சோப்புக் கட்டாயம். அகலமான பேசினில் கல்லைப் படுக்க வைத்து, அது மூழ்கும் வரை சோறு வடித்த கஞ்சியை ஊற்றி இரவு முழுக்க விடுங்கள். வாணலி, பணியாரக்கல் என்றால் கஞ்சியை அதிலேயே ஊற்றி 20 நிமிடம் கொதிக்க வைக்கலாம். கஞ்சி லேசாகப் புளிக்கும்போது அந்தப் புளிப்பு சின்னத் துருவையும் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளையும் தளர்த்திவிடும். காலையில் தண்ணீர் சாம்பல் நிறமாக இருக்கும்.

இரண்டாம் நாள்: தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுக் கஞ்சியில் இன்னோர் இரவு. அதன் பிறகும் தண்ணீர் மிகவும் கறுத்தால் மூன்றாம் இரவு. ஒரு வாரம் ஊற வைக்கச் சொல்பவர்களும் உண்டு. தேவையில்லை, நாள் கூடினால் புளிப்பு இரும்பையே அரிக்க ஆரம்பிக்கும்.

பிறகு கழுவி, துணியால் துடைத்து, உடனே சிறு தீயில் 5 நிமிடம் காய வையுங்கள். காற்றில் காயட்டும் என்று விட்டால் அரை மணியில் துரு பூக்கும்.

இனி எண்ணெய். 12 அங்குலக் கல்லுக்கு அரை டீஸ்பூன் போதும். கல் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது மேல், கீழ், ஓரம், கைப்பிடி எல்லா இடத்திலும் தேயுங்கள். அதன் பிறகு உலர்ந்த பருத்தித் துணியால், எண்ணெயைத் தப்பாகத் தடவிவிட்டோம், முழுக்க எடுத்துவிட வேண்டும் என்கிற மாதிரி அழுத்தித் துடையுங்கள். கல் பளபளக்கக் கூடாது. விரலை வைத்து எடுத்தால் ரேகை தெரியலாம், எண்ணெய் ஒட்டக் கூடாது. பழக்குவதில் கெட்டுப்போகிற பத்தில் ஒன்பது கல் இங்கேதான் கெடுகிறது. எண்ணெய் கூடினால் அது திட்டுத் திட்டாகத் திரண்டு, பலாப்பிசின் மாதிரி ஒட்டும் பழுப்புப் புள்ளிகளாக நின்றுவிடும்.

கல்லைச் சிறு தீயில் மூன்று நிமிடம் வைத்து, பிறகு தீயைக் கூட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை நிறைய வரும். வீட்டு பர்னரின் தீ நடுவில்தான் படும். அதனால் நடுவில் நாலு நிமிடம், பிறகு கல்லை நகர்த்தி நாலு பக்க ஓரமும் தீக்கு மேல் வரும்படி மூன்று மூன்று நிமிடம் காட்டுங்கள். புகை வந்து அடங்கினால் ஒரு பூச்சு முடிந்தது. அடுப்பை அணைத்துக் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி அரை டீஸ்பூன், மறுபடி துடைப்பு, மறுபடி தீ. நாலைந்து பூச்சு வேண்டும். வீட்டில் ‘அவன்’ (oven) அடுப்பு இருந்தால் வேலை சுலபம்: 230 டிகிரி செல்சியஸில் கல்லைக் கவிழ்த்து ஒரு மணி நேரம், உள்ளேயே ஆறவிட வேண்டும், இப்படி மூன்று தடவை. கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருந்தால் அவன் வேண்டாம்.

சாம்பல் நிறக் கல் முதலில் தேன் நிறத்துக்கு வரும், பிறகு காப்பிக் கொட்டை நிறம், கடைசியில் கறுப்பு. தேன் நிறத்தில் நின்றுவிட்டது என்று வருத்தப்பட வேண்டாம், கறுப்பு சமைக்கச் சமைக்க வரும்.

கடைசி வேலை வெங்காயம். ஒரு பெரிய வெங்காயத்தை நறுக்கி, இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கல் முழுக்கத் தள்ளித் தள்ளிக் கருகும் வரை வதக்கிக் குப்பையில் போடுங்கள். புது இரும்பின் வாடையும் அதோடு போகும்.

முதல் ஒரு மாதம்

ஊத்தப்பம், அடை, குழிப்பணியாரம் என்று எண்ணெய் பார்க்கும் பலகாரமாகவே செய்யுங்கள். பேப்பர் ரோஸ்ட் ஆசையைத் தள்ளிப் போடுங்கள். ஆம்லெட்டும் ஒரு மாதம் போகட்டும். முட்டைதான் பழகாத கல்லை உடனே காட்டிக்கொடுக்கும். தக்காளி, புளி, எலுமிச்சை எதுவும் கல்லில் படக் கூடாது.

சப்பாத்திக்குத் தனிக்கல் வைத்துக்கொள்ளுங்கள், முதல் மாதத்துக்கு மட்டுமல்ல, எப்போதைக்குமே. சப்பாத்தி எண்ணெயில்லாத காய்ந்த சூட்டில் வேகும். சிந்தும் மாவு கருகி ஒட்டும், படலமும் வறண்டுபோகும். நேற்று ராத்திரி சப்பாத்தி போட்ட கல்லில் இன்று காலை தோசை வராது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் ஒரே கல்லை வைத்துக்கொண்டு மாவைத் திட்டுகிறோம்.

தோசை ஊற்றும்போது

வார்ப்பு இரும்பு, அலுமினியத்தைவிட நாலில் ஒரு பங்கு வேகத்தில்தான் சூட்டைக் கடத்தும். முழுத் தீயில் வைத்தால் தீ படும் வட்டம் மட்டும் கொதிக்கும், ஓரம் ஆறியே இருக்கும். அதனால் சிறு தீக்கும் நடுத்தீக்கும் இடையில் 5 முதல் 7 நிமிடம் விடுங்கள்.

தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சொட்டு அப்படியே பரவி மெதுவாக ஆவியானால் சூடு போதாது. ‘சுர்’ரென்று நுரைத்து இரண்டு மூன்று விநாடியில் காய்ந்தால் சரியான பதம். சொட்டு முத்து முத்தாக உருண்டு கல்லின் மேல் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. சொட்டுக்கு அடியில் ஆவிப் படலம் உண்டாகி அதைத் தூக்கி நிறுத்துவதால்தான் அப்படி ஓடுகிறது. அந்தச் சூட்டில் மாவை ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே வெந்து, தேய்க்கத் தேய்க்கக் கரண்டியோடு சுருண்டு வரும். ‘மாவு சரியில்லை’ என்று சொல்லப்படும் பாதித் தோசைகளின் குற்றவாளி இதுதான்.

பதம் வந்ததும் தீயைக் குறையுங்கள். பாதியாக வெட்டிய வெங்காயத்தைக் கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுக் கல்லைத் துடையுங்கள். கத்திரிக்காய்க் காம்பும் ஆகும். மாவை நடுவில் ஊற்றி, கரண்டியின் அடி கல்லில் அழுந்தாமல் உள்ளிருந்து வெளியே ஒரே சுழலாகத் தேயுங்கள். தேய்த்து முடித்த பிறகுதான் தீயைக் கூட்ட வேண்டும். ஓரம் தானாகக் கிளம்பும் வரை தோசைத் திருப்பியை நுழைக்காதீர்கள். அடியில் முறுகல் உருவானதும் தோசை கல்லை விட்டுவிடும், அதற்கு முன்னால் இழுத்தால் பழகிய கல்லிலும் பிய்யும். அடுத்த தோசைக்கு முன் தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, துணியால் துடைத்துச் சூட்டை இறக்குங்கள். தண்ணீர் என்றால் விரல்நுனித் தெளிப்பு மட்டும். சொம்போடு கவிழ்த்தால் வார்ப்பு இரும்பு ஒருநாள் ‘டப்’பென்று விரிசல் விடும்.

மாவையும் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். சில்லென்ற மாவு ஒவ்வொரு தடவையும் கல்லை ஆற்றிவிடும். உளுந்து கூடினால் தோசை மெத்தென்று வரும், ஒட்டவும் செய்யும்.

திடீரென்று ஒட்ட ஆரம்பித்தால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டாம். சூடான கல்லில் இரண்டு டீஸ்பூன் கல்லுப்பும் ஒரு டீஸ்பூன் எண்ணெயும் போட்டு, மடித்த துணியால் வட்டமாகத் தேய்த்துத் துடைத்து, ஒரே ஒரு பூச்சு காட்டுங்கள். முதல் தோசையை ஊத்தப்பமாக ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கழுவுவதும் துருவும்

தோசை மட்டும் ஊற்றிய கல்லைக் கழுவ வேண்டியதில்லை. வெதுவெதுப்பாக இருக்கும்போது துணியால் துடைத்து வைத்தால் போதும். ஆம்லெட், மீன் என்றால் வெந்நீரும் தேங்காய் நாரும். சோப்புப் பட்டாலே பழக்கம் போய்விடும் என்பது மிகைதான். நன்றாகக் கட்டிய படலத்தை ஒரு சொட்டு சோப்புத் திரவம் ஒன்றும் செய்யாது. கல்லைக் கெடுப்பது கம்பி நாரும், சிங்க்கில் ராத்திரி முழுக்க ஊறுவதும்தான். கழுவியதும் இரண்டு நிமிடம் அடுப்பில் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். சிங்க்குக்கு அடியில் வேண்டாம். ஊருக்குப் போகும்போது கெட்டியாக எண்ணெய் தடவிவிட்டுப் போனால், திரும்பி வரும்போது சிக்கு நாற்றத்தோடு பிசுபிசுக்கும்.

லேசான துருவுக்கு உப்பும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தால் போதும். கல் முழுக்கத் துருவென்றால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து 30 நிமிடம் ஊற வைத்துத் தேயுங்கள். போகாவிட்டால் இன்னொரு 30 நிமிடம். ராத்திரி முழுக்க விடாதீர்கள், துருவை முடித்துவிட்டு வினிகர் இரும்பைத் தின்னும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, உடனே காய வைத்து, நாலு பூச்சு. பாட்டி காலத்துக் கல் இப்படிப் பெரும்பாலும் மீண்டுவிடும். விரிசல் விட்டது மட்டும் மீளாது.

இரும்பு வாணலியில் வாழைப்பூ, வாழைக்காய், கத்திரிக்காய் கறுத்துப் போவது ஏன் என்று பலருக்கும் சந்தேகம். அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். சாப்பிட்டால் ஒன்றுமில்லை, பார்க்கத்தான் நன்றாயிருக்காது. புளிக்குழம்பு, ரசம் இரும்பில் வேண்டாம். பொரியலைக்கூட வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் கொஞ்சம் இரும்புச்சத்து இறங்கும், இரத்தசோகை உள்ள வீட்டில் அது நல்லதே. தலசீமியா போல உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரும்புப் பாத்திரத்தைப் புழங்கக் கூடாது.

கல்சட்டி

மாக்கல்லைக் கடைந்து செய்வது கல்சட்டி. சேலம் பக்கம் இதற்குப் பேர்போனது. கல் மிருதுவானது, நகத்தாலேயே கீறலாம். புளியோடு வினை புரியாது. அதனால் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, கீரை மசியல், மாவடு, தயிர் எல்லாம் இதற்குப் பொருந்தும்.

வாங்கும்போது சட்டியை முழுக்க நனைத்து ஐந்து நிமிடம் காற்றில் விடுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால், அங்கே விரிசல் இருக்கிறது. அடியும் பக்கமும் ஒரே தடிமனாக, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் சட்டி காலியாகவே சுமார் 3 கிலோ இருக்கும், தூக்கிப் பார்த்து வாங்குங்கள்.

பழக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இதைக் குறுக்க வழியில்லை. வெறும் தண்ணீரில் கல்தூள் போகக் கழுவி, ஒரு நாள் நிழலில் காய வையுங்கள். இரண்டு டேபிள்ஸ்பூன் விளக்கெண்ணெயில் ஒரு டீஸ்பூன் மஞ்சள் குழைத்து உள்ளும் வெளியும் தடவி, ஒரு நாள் முழுக்க ஊறட்டும். (இரும்புக்கு ஆகாத விளக்கெண்ணெய் இங்கே ஆகும். கெட்டிப்படாமல் கல்லுக்குள் இறங்குவதுதான் இங்கே வேண்டும்.) அடுத்த மூன்று நாள், கைபொறுக்கும் சூட்டில் கஞ்சி ஊற்றி ஆறும்வரை விட்டுக் கொட்டுங்கள். அதற்கடுத்த இரண்டு நாள், வடித்த சூட்டோடு கஞ்சி. அதன் பிறகுதான் அடுப்பு: முக்கால் சட்டி தண்ணீரோடு மிகச் சிறு தீயில் 15 நிமிடம், அணைத்துத் தானாக ஆறவிட வேண்டும். மறுநாள் 30 நிமிடம். மூன்றாம் நாள் தளதளவென்று கொதிக்கும் வரை.

இவ்வளவு மெதுவாக ஏன்? கல்லின் நுண்துளைகளில் ஈரம் இருக்கும். வெளிப்பக்கம் சட்டென்று சூடேறி விரிய, உட்பக்கம் விரியாமல் நிற்க, நடுவில் பிளக்கும்.

சமைக்கும்போதும் அதே நிதானம் வேண்டும். குழம்புக் கரைசலோ தண்ணீரோ உள்ளே இருக்கும்போதுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் சிறு தீ, பிறகு நடுத்தீ, அதற்கு மேல் வேண்டாம். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுங்கள். குழம்பு வேண்டிய பதத்துக்கு வருவதற்கு 5 நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் கல்சட்டிக் குழம்பு மேசைக்கு வந்து கொதித்துக்கொண்டிருக்கும், எண்ணெய் பிரிவதும் அந்தச் சூட்டிலேயே நடக்கும். இது தெரியாதவர்கள் எவர்சில்வர் கணக்கில் அணைத்துவிட்டு, வத்தக்குழம்பு தொக்காகிவிட்டதே என்பார்கள்.

இறக்கும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், நிறைந்த சட்டியின் பாரத்தில் விளிம்பு பெயர்ந்து வரும். இரண்டு கையாலும் துணி வைத்து அடியைத் தாங்கி, பிரிமணையிலோ மடித்த துணியிலோ வையுங்கள். ஈரமான கிரானைட் மேடையில் வைத்தால் அடுத்த நிமிடமே விரிசல் விழலாம். முழுக்க ஆறிய பிறகு கழுவுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சட்டி நேராக அடுப்புக்குப் போகக் கூடாது. இன்டக்‌ஷனில் இது வேலை செய்யாது.

விரிசல் விட்ட கல்சட்டியை அந்தக் காலத்தில் எறிய மாட்டார்கள். கழுத்தில் இரும்புக் கம்பி கட்டி முறுக்கிப் புழங்குவார்கள். ஒழுகாத வரை தயிருக்கும் ஊறுகாய்க்கும் அது இன்றைக்கும் சரிதான்.

மண்சட்டி

பளபளப்பான மண்சட்டியை வாங்காதீர்கள். பளபளப்புக்கு எதைப் பூசியிருக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஈரத்துணியால் துடைத்து, சாயமோ வார்னிஷ் வாடையோ வருகிறதா என்று பாருங்கள். இயல்பான கறுப்புச் சட்டி சூளையில் புகையை அடைத்துச் சுட்டதால் கறுத்தது, அதில் கை ஒட்டாது. சுண்டினால் ‘டங்’கென்று ஒலிக்க வேண்டும்.

வந்ததும் 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். முதல் சில நிமிடம் சட்டி முழுக்கக் குமிழி விடும், துளைகளிலிருந்து காற்று வெளியேறுகிறது. பிறகு கஞ்சியை முக்கால் அளவு ஊற்றிச் சிறு தீயில் 30 நிமிடம், ஆறவிட்டு மறுநாள் இன்னொரு முறை. கஞ்சியின் மாவு துளைகளை அடைக்கும், கசிவு நிற்கும். முதல் சில நாள் வெளியே லேசாக வியர்த்தால் பயமில்லை, சொட்டினால்தான் குறை.

கழுவ அரிசி மாவு, கடலை மாவு, சீயக்காய்த் தூள், தேங்காய் நார் போதும். சோப்பைத் துளைகள் குடித்துவிட்டு அடுத்த குழம்பில் திருப்பிக் கொடுக்கும். மீனுக்கும் சைவத்துக்கும் தனித்தனிச் சட்டி வேண்டியதும் அதே காரணத்தால்தான். கழுவியபின் வெயிலில் காயாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெளிப்பக்கம் வெள்ளைத் தூளாகப் படிவது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உப்பு பூப்பது. தேய்த்தால் போய்விடும்.

ஈயச்சொம்பு

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. ரசச் சொம்புக்கு வேண்டியது வெள்ளீயம் (tin). காரீயம் (lead) நஞ்சு. தமிழில் இரண்டையும் பொதுவாக ‘ஈயம்’ என்றே சொல்லிவிடுவதால், கடையில் ‘ஈயமா’ என்று கேட்டுப் பயனில்லை. சொம்பின் அடியை வெள்ளைத் தாளில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடு போல அடர்ந்த சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கோடு விழாததை மட்டும் நம்பியும் வாங்க முடியாது, கொஞ்சமாகக் கலந்தது இந்தச் சோதனையில் தெரியாது. சோதனைச்சாலை அறிக்கை தரும் கடையில் எடை போட்டு வாங்குவதுதான் வழி. அறிக்கை இல்லை என்றால் எவர்சில்வர் சொம்பில் ரசம் வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சொம்பு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், அதனால் காஸ் தீயிலும் பிழைக்கிறது. தண்ணீர் இல்லாத இடத்தில் தீ பட்டால் அந்த இடம் நிமிடத்தில் வழிந்துவிடும். எனவே முதலில் புளித்தண்ணீரை முக்கால் சொம்புக்கு ஊற்றுங்கள், பிறகு அடுப்பில் வையுங்கள், அதன் பிறகு பற்ற வையுங்கள். தீ அடிப்பாகத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஏறக் கூடாது. பருப்பைத் தனியாக வேக வைத்துச் சேருங்கள், அடியில் கெட்டியாகத் தங்கினால் அங்கே சூடு தேங்கும். நுரை கட்டி மேலே எழும்பியதும் அணைத்துவிட்டு, தாளிப்பை வேறு கரண்டியில் செய்து, எண்ணெயின் கொதி கொஞ்சம் அடங்கிய பிறகு ரசத்தின் நடுவில் ஊற்றுங்கள், சொம்பின் ஓரத்தில் படவேண்டாம். மிச்ச ரசத்தைச் சூடாக்கும்போதுதான் பல சொம்புகள் போகின்றன. அடியில் ஒரு கரண்டி ரசத்தை வைத்துக்கொண்டு அடுப்பேற்றிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறோம். அந்த ஒரு கரண்டியை மட்டும் எவர்சில்வர் கிண்ணத்தில் சூடாக்குங்கள்.